வாங்குபவனின் மௌனம்

விற்பவனுக்குரிய ஒழுக்கம் பற்றி நம்மிடையே நிறையவே பேசப்பட்டிருக்கிறது. அளவை நிறுவையில் மோசடி செய்யக் கூடாது, குறையை மறைக்கக் கூடாது, பொய்ச் சத்தியம் செய்து சரக்கைத் தள்ளிவிடக் கூடாது என்பன சிறு வயது முதலே மிம்பரிலிருந்து நாம் கேட்டு வளர்ந்தவை. வாங்குபவனுக்கும் அப்படியோர் ஒழுக்கம் உண்டா என்று நான் நெடுங்காலம் யோசித்ததில்லை. பேசிய காசைக் குறையாமல் எண்ணிக் கொடுத்துவிட்டால் அவனுடைய கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். ஒரு பழைய மூன்று சக்கரச் சைக்கிள்தான் என்னை அந்த நினைப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று சக்கரம் என்றதும் ஊரில் ஓடும் ஓட்டோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது காலால் மிதிப்பது. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், பின்னால் ஒன்று. நடுவில், தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே, சாய்மனைக் கதிரை போன்றதோர் இருக்கை. அதில் சாய்ந்து கால்களை முன்னே நீட்டினால் மிதிகள் முன்சக்கரங்களுக்கும் அப்பால் இருக்கும். கைப்பிடிகள் இருக்கையின் இரு மருங்கிலும் இருக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இப்படிச் சாய்ந்து ஓட்டுவது ஒன்றும் விளையாட்டுப் பொருளல்ல. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், சார்ள்ஸ் மொஷே செய்த இரு சக்கரச் சாய்வுச் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, 1914 முதல் எவரும் தொடாதிருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் பந்தயச் சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை எழுதி, சாய்வு வண்டியை வெளியே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அது ஒரு சிறு கூட்டத்தின் காதலாகவே இருந்து வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதன் விலை தெரியாது. என் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கிழக்கிலங்கையில் பிறந்து இருபது வருடங்களுக்கு மேலாக இங்கிலாந்தில் வாழ்பவன் நான். 2021இல் ஒரு காய்ச்சலுக்குப் பின் என் உட்காது பழுதடைந்தது. நடக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் சைக்கிளில் ஏறினால் உலகம் ஒரு பக்கமாகச் சரியும். இரண்டு தடவை விழுந்தேன். சாகும் வரை சைக்கிளோட்ட முடியாது என்ற எண்ணம், சைக்கிள் திருத்துபவரின் மகனாகப் பிறந்தவனுக்கு எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. மூன்று சக்கரச் சாய்வு வண்டியில் சமநிலை தேவையில்லை, நின்றாலும் விழாது என்று அறிந்த நாள் முதல் அதுவே என் தேடலாயிற்று. புதிதாக வாங்கினால் பல ஆயிரம் பவுண். ஒரு வருடமாகப் பழைய வண்டிகளின் விலைகளைப் படித்துப் படித்து, எந்த ஆண்டில் செய்த எந்த வகை என்ன விலைக்குப் போகும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

2022 ஒக்டோபரில் ஒரு கிராமத்துக் கடையின் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது. கணவரின் மூன்று சக்கரச் சைக்கிள் விற்பனைக்கு, 400 பவுண் என்று கையால் எழுதியிருந்தது. வான் வைத்திருக்கும் புத்தளத்து நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி கதவைத் திறந்தார். கணவர் வசந்த காலத்தில் இறந்திருந்தார். கராஜின் மூலையில், தூசுக்கும் சிலந்தி வலைக்கும் நடுவே அந்த வண்டி நின்றது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டேன். கோர்ன்வோல் மாவட்டத்தில் ஃபால்மத் பக்கமுள்ள சிறு பட்டறை ஒன்று செய்தது. நின்ற கோலத்திலேயே ஆயிரம் பவுணுக்குக் குறையாது. அவருக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. 'அவருடைய அந்த வண்டி' என்றுதான் சொன்னார்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். வண்டியைச் சுற்றி வந்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. செயின் கறல் பிடித்து இறுகிவிட்டது என்றேன். டயர்கள் வெடித்திருக்கின்றன என்றேன். இடது பிரேக் இறுகி நிற்கிறது என்றேன். அனைத்தும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. 'உங்களுக்கு இதைப் பற்றி நன்றாகத் தெரிகிறதே' என்று அந்தப் பெண்மணி சொன்னார். நான் தலையாட்டினேன். 350க்குத் தரலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். தேநீரும் தந்தார்.

திரும்பும் வழியில் உள்ளதை நண்பரிடம் சொன்னேன். அவர் வானை ஓட்டியபடியே சிரித்தார்.

'விலை சொன்னது அவ. கொடுத்தது நீங்க. கழுத்தப் புடிச்சா வாங்கின? இதுல என்ன பாவம் காக்கா?'

எனக்கும் அது சரியாகவே பட்டது.

*

என் வாப்பா பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்பவர். பெரும்பாலும் ரலி, பின்னாளில் லுமாலா. விற்கும்போது வாப்பாவைப் போல நேர்மையானவரைக் காண முடியாது. சட்டத்தில் ஒட்டு விழுந்திருந்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். 'இது ரெண்டு வருசம் தாங்கும், அதுக்கு மேல நான் பொறுப்பில்ல' என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதனாலேயே அவரிடம் ஆட்கள் வந்தார்கள். ஆனால் வாங்கும்போது அவர் வேறு மனிதர். கடன்காரனுக்குப் பயந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவன் வாய் தவறிக் குறைந்த விலையைச் சொல்லிவிட்டால், வாப்பா ஒன்றும் பேசாமல் லாச்சியைத் திறந்து காசை எடுப்பார். விற்பவன் வாய் திறக்க வேண்டும், வாங்குபவன் வாயை மூட வேண்டும். அவர் இதைப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பழகியது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சந்தை முழுவதும் அப்படித்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

குளிர்கால மாதங்களில் இரவு வேலை முடிந்து வந்து அந்த வண்டியைப் பிரித்தேன். செயின் சாதாரணமானதல்ல. சைக்கிள் செயின்கள் இரண்டரை மூன்றைத் தொடுத்தால்தான் முன்னாலுள்ள பற்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போய் வரும். பழைய செயினில் 12 அங்குலத்துக்குரிய கண்ணிகளை அளந்தேன். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் நீண்டிருந்தது. அப்படி நீண்ட செயின் பற்களையும் தின்னும். அதைக் கழற்றி எறிந்தேன். செயின் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களைக் கழுவினேன். இடையில் செயினைத் தாங்கும் கப்பியின் போல்ரேஸ் போயிருந்தது, மாற்றினேன். மூன்று டயர், பிரேக் கம்பிகள், கியர்க் கம்பி எல்லாம் புதிது. இறுகி நின்ற பிரேக் ஸ்டேர்மி ஆர்ச்சர் வகை, சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியது. வாப்பாவின் கடையில் ரலி சைக்கிள்களின் மூன்று கியர்க் குடங்களில் வாசித்த அதே பெயர். நொட்டிங்ஹாமில் பிறந்து, 2000ஆம் ஆண்டில் கைமாறித் தாய்வானுக்குப் போனது. குடத்தைத் திறந்து கறலைச் சுரண்டி, சுழலும் துண்டுக்கு ஒரு துளி கிரீஸ் வைத்ததும் அது உயிர் பெற்றது. சட்டத்தில் குறுக்குக் குழாய் வந்து பொருந்தும் இடங்களை விளக்கு வைத்துத் தேடினேன். பெயின்றில் மயிரிழைக் கோடு, அதில் கறல் கசிவு தெரிந்தால் உள்ளே வெடிப்பு என்று பொருள். அப்படி எதுவும் இல்லை. எல்லாமாக எனக்கு 180 பவுண் முடிந்தது.

கடைசி வேலை முன்சக்கரங்களை நேராக்குவது. அச்சின் உயரத்தில், இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கிடையே ஒரு தூரம், பின்விளிம்புகளுக்கிடையே ஒரு தூரம் அளக்க வேண்டும். முன்தூரம் ஓரிரு மில்லிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது, வண்டி ஓடும். ஆனால் டயர்கள் வீதியில் உரசி உரசியே தேய்ந்துவிடும். சரியான அளவு என்னவென்று தெரியாமல் இருக்கையின் பின்னால் இருந்த சிறு பையைத் துழாவியபோது ஒரு குறிப்புப் புத்தகம் அகப்பட்டது.

பென்சிலால் எழுதியது. செயின் மாற்றிய திகதிகள், டயர் மாற்றிய திகதிகள், ஓடிய மைல்கள், முன்சக்கர அளவு, மிதியின் தண்டு எவ்வளவு நீண்டிருக்க வேண்டும் என்ற குறி. கடைசிப் பக்கத்தில் இடது பிரேக் இறுகத் தொடங்குகிறது, பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பின் வெற்றுத் தாள்கள்.

அன்றிரவு மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. அந்த வீட்டில் இந்த வண்டியின் பெறுமதியை அறிந்த ஒருவர் இருந்திருக்கிறார். அவர் மௌத்தானபோது அந்த அறிவும் அவருடன் போய்விட்டது, பொருள் மட்டும் மிஞ்சியது. அந்த இடைவெளியில்தான் நான் நுழைந்து 350 பவுணை வைத்தேன். அதுவரை அந்தப் பெண்மணி கவனக்குறைவான ஒரு விற்பனையாளர் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கவனமற்றவரல்லர். அறிந்தவரை இழந்தவர்.

*

நண்பரின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. 1815 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஓர்கன் என்ற வணிகர் 111 பீப்பாய் புகையிலை வாங்கினார். பிரித்தானியாவுடனான யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது, விற்றவர்களுக்கு எட்டவில்லை. செய்தி பரவியதும் புகையிலையின் விலை முப்பது முதல் ஐம்பது வீதம் வரை ஏறிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தான் அறிந்ததை விற்பவருக்குச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்று 1817இல் பிரதம நீதியரசர் மார்ஷல் கூறினார். ஆனால் அத்துடன் அவர் நிறுத்தவில்லை. மற்றவரை ஏமாற்றும் வகையில் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்தே கூறினார். அந்த இரண்டாவது வாக்கியம் என்னைத் தைத்தது. நான் வெறுமனே மௌனமாக இருக்கவில்லை. குறைகளைப் பட்டியலிட்டேன். நிறையைச் சொல்லாமல் குறையை மட்டும் உண்மையாகச் சொல்வது ஒரு வகைப் பொய். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்துகொண்டே முழுப் பேச்சும் பொய்யாகலாம் என்பதை அந்தக் கராஜில் நான் செய்து காட்டியிருந்தேன்.

சட்டத்தை விடுவோம். கி.மு. 44இல் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதே பிரச்சினை வருகிறது. பஞ்சத்திலிருக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு வரும் வணிகன், பின்னால் இன்னும் கப்பல்கள் வருவதைச் சொல்ல வேண்டுமா இல்லையா என்று இரண்டு ஞானிகள் விவாதிக்கிறார்கள். மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு என்கிறார் ஒருவர். அடுத்தவர் அறிந்தால் பயனடையக்கூடியதை உன் இலாபத்துக்காக அறியாமல் வைப்பதே மறைப்பு என்கிறார் சிசரோ. அதே நூலில் ஸ்கேவோலா என்ற ரோமரைப் பற்றிய ஒரு குறிப்பும் உண்டு. நிலமொன்றை வாங்கப் போனவர், விற்பவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, நான் இதை இன்னும் அதிகமாக மதிக்கிறேன் என்று கூறி ஒரு இலட்சம் செஸ்டெர்ஸ் கூட்டிக் கொடுத்தாராம்.

நம் மரபில் இதைவிட நெருக்கமான சம்பவம் இருப்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களுக்காக அவரது பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, காசு வாங்க உரிமையாளரையும் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர், உமது குதிரை இதைவிடப் பெறுமதியானது, 400க்குத் தருவீரா என்று கேட்டார். அப்படியே ஏற்றி ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தே வாங்கினார். பயான்களில் இதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டு வியந்திருக்கிறேன். வியப்பது ஒரு தப்பிக்கும் வழி. ஸஹாபாக்களின் உயரம் நமக்கு எட்டாது என்று வியந்துவிட்டால், அடுத்த நாள் சந்தையில் நமக்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

வியப்புக்கு இடமில்லாத ஒரு விதியும் இருக்கிறது. சந்தையை நோக்கி வரும் வணிகக் கூட்டத்தை வழியில் எதிர்கொண்டு, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி வாங்கினால், விற்றவர் சந்தைக்கு வந்த பின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். இங்கே விற்றவர் சம்மதத்துடன்தான் விற்றார். எவரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆயினும் அந்தச் சம்மதம் குறைபட்டது என்று விதி சொல்கிறது. எதைக் கொடுக்கிறோம் என்று அறியாதவரின் சம்மதம் எதற்கான சம்மதம்? அந்தப் பெண்மணி ஒரு பழைய சைக்கிளை விற்கச் சம்மதித்தார். நான் வாங்கியது வேறொரு பொருளை.

இன்று சந்தை எல்லோர் கையிலும் இருக்கிறதே, தொலைபேசியில் தட்டினால் விலை தெரியுமே என்று கேட்கலாம். பெயர் தெரியாத பொருளை எந்தப் பெயரில் தேடுவது? இன்னுமொரு வாதமும் உண்டு. ஒரு வருடம் படித்துப் பெற்ற அறிவு எனது உழைப்பு, அதற்கு ஒரு கூலி வேண்டாமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். ஊரூராக அலைந்து பழம்பொருள் வாங்குபவர் சந்தை விலைக்கே வாங்கினால் அவர் பிழைக்க முடியாது. அவர் அலைச்சலுக்கும் திருத்தத்துக்கும் உரியதைக் கழித்துக்கொள்ளட்டும். அது கூலி. மீதி கூலியல்ல, அடுத்தவரின் அறியாமை. அறியாமையை விளைவித்தவன் நானல்ல என்பதற்காக அதன் விளைச்சல் எனக்குச் சொந்தமாகிவிடாது.

உண்மையான தடை வாதங்களில் இருக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த வண்டி எனக்குக் கிடைத்திருக்காது. அவர் ஆயிரம் கேட்டிருப்பார், என்னிடம் ஆயிரம் இருக்கவில்லை. திரும்பவும் சைக்கிளோட்ட வேண்டும் என்ற ஆசை என் வாயை மூடியது. பேராசைக்காரன்தான் அநியாயம் செய்வான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேவைக்காரனும் செய்வான். அவன் தன்னை மன்னித்துக்கொள்வது இன்னும் சுலபம்.

*

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 600 பவுணை ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டு அந்த வண்டியிலேயே போனேன். அந்தப் பிரதேசம் தட்டையானது, மேடு பள்ளமில்லை. காற்று மட்டும்தான் எதிர்த்தது. அவர் வாசலுக்கு வந்து வண்டியை நெடுநேரம் பார்த்தார். நான் விடயத்தைச் சொன்னேன். வண்டி 1000 பெறும் என்று எனக்கு அன்றே தெரியும், சொல்லாமல் விட்டேன், 50 குறைத்தும் வாங்கினேன், இது மீதி என்றேன்.

மறுப்பார், நான் வற்புறுத்துவேன் என்று வழி நெடுக ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அவர் மறுக்கவில்லை. உறையை வாங்கி, மேசையில் வைத்து எண்ணினார். 50 பவுணை எடுத்துத் தனியே என் பக்கம் தள்ளினார். செயினும் டயரும் உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தன என்றார். பிறகு ஒரு விடயம் சொன்னார். நவம்பரில் வீடு துப்புரவாக்கும் ஆள் ஒருவர் வந்தாராம். கராஜில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும், கணவரின் சிறிய கடைசல் இயந்திரம், இன்னும் இரண்டு சாய்வுச் சைக்கிள்கள், ஒரு பெட்டி நிறையக் கருவிகள், எல்லாவற்றையும் 200 பவுணுக்குக் கொண்டுபோனாராம்.

'விஷயம் தெரிந்தவர் நீங்கள். நீங்களே 350தான் என்றீர்கள். மற்றவை அதைவிடப் பழையவை. அதனால் அந்த விலை நியாயம் என்று நினைத்தேன்' என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

என் கணக்கில் இது இருக்கவில்லை. நான் அவருக்குக் கடன்பட்டது 650 பவுண் என்று கண்டுபிடித்து, கையிலிருந்த 600ஐக் கொண்டு போனேன். ஆனால் என் மௌனம் அவருக்கு ஒரு விலைப்பட்டியலாகியிருந்தது. என் நிதானமான முகமும், சரியான குறைகளைச் சரியாகச் சொன்ன என் நாவும், கணவரின் உடைமைகள் எவ்வளவு பெறும் என்று அவருக்குக் கற்பித்துவிட்டன. அந்தப் பாடத்தை வைத்து அவர் மற்றவற்றையும் கொடுத்துவிட்டார். அவற்றை எங்கே போய்த் தேடுவது? வாங்கிச் சென்றவரின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. அவரும் என்னைப் போலவே சட்டப்படி காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனவர்.

மௌனம் வெற்றிடம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். ஒன்றும் சொல்லாதவன் ஒன்றும் செய்யாதவன். ஆனால் அறிந்தவன் அறியாதவர் முன் மௌனமாக இருக்கும்போது அந்த மௌனம் பேசுகிறது. இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று பேசுகிறது. கேட்டவர் அதை நம்பி நடக்கிறார். காசைத் திருப்பலாம், ஒக்டோபரைத் திருப்ப முடியாது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதும் பிறகு ஈடு செய்வதும் ஒன்றல்ல. அன்றே சொல்லிவிட்டு, தவணையில் தரட்டுமா என்று கேட்டிருக்கலாம். அவர் சம்மதித்திருக்கவும் கூடும். இப்படியொரு வழி இருந்தது என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை. வாயை மூடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவனுக்கு வேறு வழிகள் தோன்றுவதில்லை.

குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு போயிருந்தேன். தேவையான அளவுகளை வேறாக எழுதிக்கொண்டு அதை அவரிடம் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். 'பிரேக்கைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன்.

வண்டி இப்போதும் ஓடுகிறது. சந்திகளில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, இந்த விநோத வாகனத்தைக் கண்டு பக்கத்தில் நிற்பவர்கள் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று. ஆரம்பத்தில் 350 என்று சொல்லி அவர்களுடைய ஆச்சரியத்தை இரசித்ததுண்டு. இப்போது 900 என்கிறேன். நேரமிருந்து மேலும் கேட்பவர்களிடம், இரண்டு தடவைகளில் கொடுத்தேன், இரண்டாம் தடவை பிந்திவிட்டது என்றும் சொல்கிறேன்.